சிவப்பு நூல் கட்டிய சோளன்

மச்சான்,

இன்று காலை தங்கச்சி பெட்டகத்தைக் கவிழ்த்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அடியில் கிடந்த ஒரு சிவப்பு நூல் கண்டை எடுத்து, "காக்கா, இது உங்கட மச்சாண்ட நூல். இனி உங்களுக்குத்தான் இது உதவும்" என்று நீட்டினாள். மூக்கருகே கொண்டுபோனேன். சாயமும் கஞ்சியும் கலந்த அந்த மணம் இன்னும் இருக்கிறது. கண் கலங்கியதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று, "பெட்டகத்த ஒழுங்கா மூடு, பல்லி போகப் போகுது" என்று அவள்மேல் பாய்ந்தேன். என் புத்தி உனக்குத் தெரியாததா?

நீ மருதமுனையில் தறி வீட்டுப் பிள்ளை. நெல்லைத் தவிர எதையும் பயிர் என்று ஒப்புக்கொள்ளாத எங்கள் சம்மாந்துறை வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தாய். வாப்பா தங்கச்சிக்குச் சீதனமாக எழுதியது தண்ணீர் ஏறாத மேட்டுக்காணி. அதில் நீ சோளன் போட்டாய். "தறிக்காரன் மண்ண நெய்யப் போறான்" என்று சந்தியில் நான் சொல்லிச் சிரித்தபோது, நீயும் கூட நின்று சிரித்தாய். உன்னோடு சண்டை பிடிக்கவும் ஏலாது, அல்லாஹ்வே!

எழுபத்தெட்டுச் சூறாவளி அந்தச் சோளனை மண்ணோடு மண்ணாக்கியது. தென்னையே நிற்காத காற்றில் சோளனா நிற்கும்? விழுந்தது அழுகியது, மிச்சத்தை மாடு தின்றது. காணியின் நடுவில் ஒரே ஒரு செடி மட்டும் வளையாமல் நின்றது. நாங்கள் எல்லாரும் போய் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். நீ சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்து, தண்டை இறுக்காமலும் காற்றில் அவிழாமலும் அதற்கு ஒரு முடிச்சுப் போட்டாய். அறுந்த இழையைத் தறியில் சேர்க்கிற முடிச்சாம்.

"இந்த ஒண்டு போதும், மருமகன்" என்றார் வாப்பா. "நல்ல கதிர் ஒண்ட எடுத்துப் பெருக்கினா வட்டை முழுக்க அதே நெல்லுத்தான். நாங்க அப்பிடித்தான் செய்யிற." தலைமுறை தலைமுறையாக நெல்லில் தவறாத வழி அது. சோளனில் அது தவறிப்போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கதிரில் மணி அங்குமிங்குமாகத்தான் இருந்தது. ஆனாலும் நீ அதைப் பொன்போலக் காய வைத்து எடுத்தாய்.

அடுத்த மாரிக்கு அதை மட்டும் விதைத்தாய். முளைத்தவற்றில் சில கன்றுகள் பாலில் தோய்த்ததுபோல வெள்ளை வெளேரென்று வந்து, கொஞ்ச நாளில் செத்தன. மிச்சம் குட்டையாக நின்றன. உம்மா கண்ணூறு என்றாள், தண்ணீர் ஓதித் தெளித்தாள். அதிலும் நல்லதாக ஒன்றைத் தேடி மறுபடி விதைத்தாய். அது இன்னும் மோசம், பொத்தலான கதிர்கள். வாப்பா உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மருமகண்ட கைக்கு மண் ஒத்துவராட்டி, மருதமுனையில தறி இரிக்குதானே. காணியில தென்னை வெப்பம்."

எங்கள் ஊரில் பெண் பிள்ளை உம்மா வீட்டை விட்டுப் போவதில்லை. போனால் நீ தனியாகத்தான் போக வேண்டும். அன்றிரவு தங்கச்சி சோறு தின்னவில்லை. நீயும் அன்று சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது, மச்சான்.

அந்த வாரம் கல்முனைப் பக்கமிருந்து விவசாயப் போதனாசிரியர் சைக்கிளில் வந்தார். காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "விதை எத்தின செடியில எடுத்த?" என்று கேட்டார். "ஒண்டுல" என்றாய். மனிசன் தலையில் கை வைத்தார்.

"நெல்லுப் பூ தண்ட வீட்டுக்குள்ளயே கலியாணம் முடிச்சுக்கொள்ளும், அதுக்கு ஒண்டும் ஆகாது. சோளன் அப்பிடியில்ல. உச்சிப் பூவுட தூள் காத்துல போய் வேற செடிட கதிர்ல விழோணும். நீங்க ஒரு உம்மாட பிள்ளைகளுக்குள்ளயே கலியாணம் முடிச்சு வெச்சிருக்கீங்க!"

"அஸ்தஃபிருல்லாஹ்!" என்று வாப்பா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

"சோளனுக்கு ஹராம் ஹலால் தெரியா. ஆனா பிள்ளைகள் நலிஞ்சு போகும். வெளியூர் மாப்பிள்ளை கொண்டு வாங்க."

எல்லாரும் உன்னைத்தான் பார்த்தோம். முதலில் சிரித்தது வாப்பா. "சரி மருமகன்," என்றார், "இன்னும் ஒரு மாரி பாப்பம்."

அதற்குப் பிறகு நீ ஊர் ஊராகச் சைக்கிள் உழக்கினாய், கேரியரில் நான். காட்டோரம் வெட்டிச் சுட்டுப் பயிரிடும் சேனைகளில் சிங்கள வீடு, தமிழ் வீடு, எங்கட ஆட்களின் வளவு என்று ஒரு வாசல் விடாமல் ஒவ்வொரு பிடி விதை கேட்டாய். மஞ்சள், வெள்ளை, கத்தரிப்பூ நிறம். "இதென்ன விதையா, பெருநாள் சட்டையா?" என்று நான் எரிந்து விழுந்தேன். "ஒண்டப் போல ஒண்டு இரிந்தா எல்லாத்தையும் கொண்டுபோக ஒரு நோய் போதும் மச்சான்" என்றாய். அந்த வார்த்தையை நான் பிறகு எத்தனையோ இடத்தில் நினைத்துப் பார்த்திருக்கிறேன், சோளனுக்கு மட்டுமல்ல.

எல்லாவற்றையும் கலந்து விதைத்து, வாடைக் காற்றில் சாயாமல் நின்ற செடிகளுக்கெல்லாம் நூல் கட்டினாய். ஓரத்தில் ஒரு பெரிய செடியைக் காட்டி, இதற்கும் கட்டு என்றேன். "ஓரத்தான் வெயிலத் தனியாத் திண்டு கொழுத்தவன். நெரிசலுக்குள்ள நிண்டு காட்டினவனப் பாரு" என்று நடுக்காணிக்குள் இழுத்துப் போனாய். நூல் கட்டிய ஒவ்வொரு செடியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக விதை எடுத்தாய். அதில் ஒவ்வொரு பிடியை, முன்பு தந்த வீட்டுக்கெல்லாம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாய். எனக்கு அது வீண் அலைச்சலாகத்தான் பட்டது.

அந்த மாரிச் சோளன் ஆள் மறையும் அளவு எழும்பி நின்றது. வாப்பா வாய்க்காலோரம் குந்தியிருந்து சுட்ட கதிரைக் கடித்துக்கொண்டு, "மருமகன், மருதமுனைக்குப் போறெண்டா பெருநாளைக்குப் போய்ட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தங்கச்சி அடுப்படிக்குள் போய் அழுதாள்.

பிறகு காலம் கெட்டது. உன்னை ஒரு காய்ச்சல் கொண்டுபோனது. சண்டையால் மேட்டுக்காணிப் பக்கம் யாரும் போக ஏலாத வருடங்கள் வந்தன. நீ அடுப்புக்கு மேலே தொங்கவிட்ட கதிர்களை வண்டு மாவாக்கியது. பாதை திறந்த பிறகு காணிக்குப் போனேன். பற்றைக் காடு. விதைக்க உன் சோளனில் ஒரு மணி இல்லை. உன்னை இரண்டாம் தரம் அடக்கம் செய்ததுபோல இருந்தது எனக்கு.

நீ போன பாதையிலேயே போனேன், மச்சான். பல வீடுகளில் ஆட்களே இல்லை. காட்டோரத்துத் தமிழ்க் கிராமத்தில் ஒரு வளவில் சோளன் ஆள் உயரத்துக்கு நின்றது. நடுவில் செடிகளில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கிட்டப் போனேன். பழைய சேலைக் கிழிசல். இறுக்காமல், அவிழாமல் ஒரு முடிச்சு.

அந்த முடிச்சை எனக்குத் தெரியும்.

அந்த வளவுக்கார அம்மா வெளியே வந்தா. வாசலில் முஸ்லிம் ஆளைக் கண்டதும் கொஞ்சம் தயங்கினா. நான் செடியைக் காட்டினேன். "ஓம், அது அந்த மருதமுனைக் காக்கா காட்டித் தந்தது. நடுவில நிக்கிறதுக்குக் கட்டச் சொன்னவர்" என்றா. பிறகு, "அவர் சுகமா இருக்கிறாரா?" என்று கேட்டா.

சொன்னேன். அவ உள்ளே போய், ஒரு பிடி கேட்க வந்தவனுக்கு ஒரு பெட்டி நிறைய விதை கொண்டுவந்து வைத்தா. மஞ்சள், வெள்ளை, கத்தரிப்பூ நிறம்.

அந்த விதைதான் இன்றும் உன் காணியில் நிற்கிறது. இன்று அஸர் தொழுதுவிட்டு இந்த நூல் கண்டோடு போனேன். நடுவில் நிமிர்ந்து நின்றவற்றுக்கெல்லாம் கட்டினேன். முடிச்சு சில இடத்தில் சரியாக வரவில்லை. அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் உனக்கு ஒரு துஆ, தறிக்காரா.