பழைய மழைக்குப் போட்ட குழாய்

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? பாப்பா அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

இங்கே முன்பு மாதம் முழுக்கப் பெய்த மழை இப்போது ஒரு மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. "தண்ணி வடியுற குழாயெல்லாம் பழைய மழைக்குப் போட்டதுப்பா, இதுக்குத் தாங்காது" என்றார் சூப்பர்வைசர். போன வாரம் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கார்களைச் சூழ்ந்த தண்ணீரை பம்ப் வைத்து இறைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் அறைக்குள்ளும் புகுந்தது தெரியவே இல்லை. போய்ப் பார்த்தால் என் செருப்பு கட்டிலைச் சுற்றி வருகிறது! சிரித்துவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. போன் நனைந்ததால்தான் இந்தக் கடிதம்.

ஒரு சின்ன உதவி. நீயும் பாப்பாவும் நிற்கும் படத்தை இன்னொரு பிரதி எடுத்து அனுப்பு. நனைந்த பழையதை வெயிலில் காயவைத்தேன். பாப்பாவைப் பிடித்திருக்கும் உன் கை மட்டும் மிஞ்சியது. இந்த முறை லேமினேட் செய்துவிடு. வானம் இருட்டுகிறது, பம்புக்கு ஓடுகிறேன்.

உன்னவன்