டிராயருக்குள் ஐந்து பில் புத்தகங்கள்

எனக்கு அண்ணன் இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொண்ட ரஹீம் பாய்க்கு,

நீங்கள் காலமாகிப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் ஏதோ காரியமாகத்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆமாம். எனக்குப் பயமாக இருக்கிறது பாய். அதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

முதலில் நம் தோல் கம்பெனிச் செய்தி. கேட்டில் நீங்கள் உட்கார்ந்து வண்டி எடை குறித்த ஸ்டூல் இல்லை. வண்டி எடைமேடையில் ஏறியதும் எடை நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகிறது. எங்கள் கணக்குப் பிரிவுக்கும் ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்கிறது. சப்ளையர் பில்லை ஸ்கேன் செய்தால் போதும். அதுவே படித்து, நாம் கொடுத்த ஆர்டரோடும் சரக்கு வந்த ரசீதோடும் பொருத்திப் பார்க்கிறது. மூன்றும் ஒத்துப்போனால் பணம் போய்விடுகிறது. நான் மூன்று காகிதத்தையும் குண்டூசியால் குத்தி, ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் டிக் அடித்து, பிறகு சந்தேகப்பட்டு மறுபடி முதலிலிருந்து பார்ப்பேனே, அந்தக் கட்டு மூன்று நாள் பிடிக்கும். இப்போது டீ வருவதற்குள் முடிந்துவிடுகிறது.

குறை சொல்ல வரவில்லை. அது சரியாகத்தான் செய்கிறது. ஒரு கெமிக்கல் பில் இரண்டு முறை வந்ததை நான் கவனிக்கவில்லை, அது கவனித்தது.

அதே சாஃப்ட்வேர்தான் நம்மையும் பிடித்தது.

அதைப் பழக்குவதற்காகப் பழைய பில்களையும் உள்ளே போட்டார்கள். புதன்கிழமை நித்யா மேடம் என்னைக் கூப்பிட்டார். புதிய கணக்கு மேனேஜர். சின்ன வயது, மரியாதையான பெண்.

"சார், உப்பு, சுண்ணாம்பு, விறகு, கோணி, கழிவு அள்ற டிராக்டர். அஞ்சு சப்ளையர். ஆனா பில் எல்லாம் ஒரே ஆள் எழுதினதுன்னு சிஸ்டம் காட்டுது. பாருங்க, தமிழ் எழுத்து ஒரே மாதிரி கீது."

திரையில் என் எழுத்து. என் 'ழ'வின் வாலை எனக்குத் தெரியாதா?

"ஸ்டோர்ல ஒரு பாய் இருந்தாராமே, அவர் எழுதினதா?"

பாய், என் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியது. மேடம் குறித்துக்கொண்டார். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வரிசையாக எழுதினால்தான் என் மனம் அடங்கும். பில் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. பள்ளிகொண்டாவிலிருந்து உப்பு கொண்டு வரும் கன்னியப்பனுக்கு எழுதத் தெரியாது. நீங்கள்தான் அவரை என் மேசைக்கு அழைத்து வந்தீர்கள்.

"தம்பி, இவனுக்கு உப்பு தெரியும், எழுத்து தெரியாது. நீ ரெண்டு வரி போட்டுக் குடு."

"எதுக்கு பாய் வம்பு? சப்ளையர் பில்ல நான் எழுதினா தப்பாய்டும்."

"தப்புன்னா என் தலையில போட்டுடு. நான் இங்கதானே கீறேன். எங்க போய்டப் போறேன்?"

கன்னியப்பன் சிரித்தார். நான் எழுதினேன். அவர் பெருவிரல் வைத்தார். அடுத்து சுண்ணாம்புக்காரர் வந்தார், பிறகு மற்றவர்கள். தொலைத்துவிடுவார்கள் என்று அவர்களுடைய பில் புத்தகங்களை என் டிராயரிலேயே வைத்துக்கொண்டேன். ஐந்து புத்தகம், அட்டையில் பெயர், ரப்பர் பேண்ட். ஒழுங்காக இருக்கிறது என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன். பில்லைப் பாஸ் செய்பவனின் டிராயரில் சப்ளையரின் பில் புத்தகம் இருந்தால் ஊர் அதற்கு என்ன பெயர் வைக்கும்? பி.காம். படித்தவனுக்கு இது ஏன் இத்தனை வருடம் உறைக்கவில்லை?

ஆபீசில் நான் எழுதுவதெல்லாம் இங்கிலீஷ். என் தமிழ் எழுத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தத் தலையாட்டல் செல்லுபடியானது. வெள்ளிக்கிழமை ஐந்து புத்தகங்களையும் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு கேட் வரை போனேன். கால் வரவில்லை. திரும்பி வந்து டிராயரிலேயே வைத்துப் பூட்டினேன். வைத்திருக்கவும் பயம், ஒழிக்கவும் பயம்.

நேற்று மதியம் உங்கள் ஷபானா வந்தாள். ஷூ பிரிவில் இப்போது சூப்பர்வைசர். நின்றபடியே பேசினாள்.

"அங்கிள், கேன்டீன்ல இன்னான்னமோ பேசிக்கிறாங்க. அப்பா பொய் பில்லு எழுதினாராம்."

"யாரும்மா சொன்னது?"

"யார் சொன்னா இன்னா? 'பாய்க்கு நமாஸும் ஜாஸ்தி, ஆட்டமும் ஜாஸ்தி'ன்னு ஒருத்தன் சிரிக்கிறான். அப்பாவுக்குத் தமிழ் எழுத வராதே அங்கிள். என் ஸ்கூல் லீவ் லெட்டர்கூட நீங்கதானே எழுதிக் குடுப்பீங்க?"

அவள் அந்தப் பில்களைப் பார்த்திருப்பாளா? அந்த எழுத்து யாருடையது என்று தெரிந்துதான் என்னிடம் வந்தாளா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். "அப்பாவோடது. எந்தத் தேதி, எந்த வண்டி, எவ்ளோ எடைன்னு உருதுல எழுதி வெச்சிக்கிறாரு. உங்களுக்கு உபயோகப்படும்." அவ்வளவுதான். போய்விட்டாள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த நான்கு நாளில் ஒரு நிமிடம் உங்களையும் சந்தேகப்பட்டேன். நீங்கள் சொன்ன எடையைத்தானே எழுதினேன், சொன்ன சரக்கெல்லாம் வந்ததா என்று. பயம் மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள். சாயங்காலம் வரை உட்கார்ந்து உங்கள் நோட்டையும் பில் நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உருது எனக்குத் தெரியாது. ஆனால் எண்கள் எனக்குத் தெரிந்த எண்கள். வண்டி நம்பர், எடை, தேதி. பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் எடை இடித்தது. மறுபடி பார்த்தால் தப்பு என்னுடையது. உப்பைக் கம்மியாக எழுதியிருக்கிறேன். கன்னியப்பன் அதையும் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். உங்கள் வரியில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

என் தலையில் போடு என்று நீங்கள் சொன்னது, பக்கத்தில் நின்று தாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில். பதில் சொல்ல நீங்கள் இல்லாத நேரம் பார்த்து நான் போட்டேன். அதற்கு என்ன மன்னிப்பு கேட்பது?

இன்று ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். இன்னும் பயம் போகவில்லை. வேலை போகலாம். போலீஸ்வரை போகலாம். நாற்பது வருடம் சேர்த்த பெயர் ஒரு மதியத்தில் போகலாம். அந்த அறைக்குள் போனதும் என் குரல் வருமா என்றே எனக்குச் சந்தேகம். அதனால்தான் இதை யார் எடுத்தாலும் படிக்கும்படி, தமிழில், என் கையாலேயே எழுதுகிறேன்.

நாளை பத்து மணிக்கு ஐந்து புத்தகங்களையும், உங்கள் நோட்டையும், இந்தக் கடிதத்தையும் நித்யா மேடம் மேசையில் வைப்பேன். வாய் வராவிட்டால் கடிதத்தை ஸ்கேன் செய்யச் சொல்லிக் கை காட்டுவேன். யார் எழுத்து என்று அந்தச் சாஃப்ட்வேரே சொல்லட்டும். ஒரு நகல் கேன்டீன் சுவரில் இருக்கும். சிரித்தவனும் படிக்கட்டும். படித்த பிறகு ஷபானா என்னிடம் பேசாமல் போனாலும் சரி, உங்கள் பெயர் மட்டும் உங்களிடம் திரும்பி வந்துவிடும்.

இதுவரை நான் கொடுத்த வாக்குகளில் இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. காப்பாற்றுவேன் பாய்.

அந்தப் பில்களை எழுதிய,
உங்கள் தம்பி
சாமுவேல்