காணிக்குள் நாற்பது பீப்பா

12 மார்ச் 2024, செவ்வாய்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ஆள் ஆளாகப் பிடித்துச் சொன்னேன். லாசாலில் எங்கள் கட்டடத்துக்குக் குப்பை எடுக்க வருகிறவனிடம்கூடச் சொன்னேன். யூனிவர்சிற்றி தன் பக்கத்துக் காணியில் பேஸ்போல் ஸ்ரேடியம் கட்ட வெளிக்கிட்டால் அந்த வீதிச் சனம் சும்மா இராது என்று. இப்போது பார், அச்சொட்டாக நடக்கிறது.

முதலில் ஆயிரத்து ஐந்நூறு இருக்கை. சத்தம் என்றது சனம், தொள்ளாயிரமாகக் குறைத்தார்கள். வெளிச்சம் படுக்கையறைக்குள் அடிக்கும் என்றது; விளக்குக் கம்பங்களைக் கட்டையாக்கினார்கள். கார் விட இடமில்லை என்றது; இருக்கை நானூறாகிவிட்டது. இன்னும் குறைத்தால் அம்பயரும் நானும்தான் இருந்து பார்க்கலாம். ஆறு வருடமாக இந்த இழுபறி. அந்தப் பெடியள் தங்கள் ஆட்டத்துக்கே ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் போய், வேறொரு ஊரின் மைதானத்தை இரவல் வாங்கி விளையாடுகிறார்கள்.

எனக்கென்ன? எனக்கு நிறைய உண்டு. இந்த வேலையை இழுத்துக்கொண்டு திரிகிறவள் என் தங்கச்சி அக்னெஸின் மகள் அஞ்சலீனா. எஞ்சினியர். யூனிவர்சிற்றியின் கட்டட அலுவலகத்தில் கொன்ட்ராக்ற் வேலை. ஸ்ரேடியத்துக்கு அனுமதி கிடைத்தால் நிரந்தரம். கிடைக்காவிட்டால் அடுத்த மார்ச்சோடு சரி. தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டறிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நான்.

நான் சொல்வதை நம்புகிற ஒரே ஆளும் அவள்தான். பேஸ்போல் என்பது வேறொன்றுமில்லை, தடியால் பந்தடிக்கிற எங்கள் ஊர் எல்லேதான். இவர்கள் கையுறை போட்டிருக்கிறார்கள், அவ்வளவு. மன்னாரில் எல்லே விளையாடியபோது நான் அடித்த பந்து கோயில் மணியில் பட்டு டாங் என்றது. இதைச் சொன்னால் அக்னெஸ், "போன முறை மதில் எண்டியள்" என்பாள். அஞ்சலீனா மட்டும், "எத்தினை தரம் அடிச்சது மாமா?" என்று கேட்பாள்.

ஏப்ரல் நாலாம் தேதி நகரசபை கருத்துக் கேட்கும் கூட்டம் வைக்கிறதாம். யாரும் பேசலாமாம். நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

4 ஏப்ரல், வியாழன்

பேசினேன்!

பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம். ஐந்நூறு சனம் இருக்கும். (நூற்றைம்பதுக்குக் குறையாது.) ஆளுக்கு மூன்று நிமிடம். முன்மேசையில் அஞ்சலீனா, பேசுகிறவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் ஒரு கிழவி, தன் பூனைக்குச் சத்தம் ஆகாது என்று பேசினாள். கைதட்டல். பூனைக்குக் கைதட்டல்!

பிறகு என் முறை. பிரெஞ்சில் தொடங்கி இங்கிலிசில் போனேன். அந்தக் காணியில் முன்பு இருந்த பெயின்ற் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்தவன் நான் என்றேன். ஒருவரும் நிமிரவில்லை. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன். தொழிற்சாலை மூடும்போது நாற்பது பீப்பாவை இந்தக் கையால் அங்கே புதைத்தோம். கழிவு நிரம்பிய பீப்பா. மண் போட்டு நாங்களே இறுக்கினோம். அந்த நிலத்தின் பலம் எனக்குத் தெரியும், பத்து ஸ்ரேடியம் தாங்கும், தைரியமாகக் கட்டுங்கள் என்றேன்.

ஜிம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது. இறங்கி வந்ததும் எதிர்ப்புக்காரர்களின் தலைவி, வெள்ளைத் தலைமயிர் மதாம், ஓடிவந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து "மெர்சி, மெர்சி" என்றாள். ஆதரித்துப் பேசினவனுக்கு இவள் ஏன் நன்றி சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அஞ்சலீனா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையில் என்று நினைத்தேன்.

5 ஏப்ரல், வெள்ளி

விடிய ஏழு மணிக்கு அஞ்சலீனாவின் போன். "மாமா, உண்மையாவே புதைச்சனீங்களோ?" "பின்னே? நான் பொய்யே சொல்லுறன்?" "சரி மாமா. நீங்கள் சொன்னாச் சரி."

22 ஏப்ரல், திங்கள்

சூழல் அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் காணியின் வரைபடத்தோடு வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். எந்த இடம் என்று கேட்டார். கேட்கிற மனிதரைச் சும்மா அனுப்ப முடியுமா? மேற்கு மூலை என்று காட்டினேன். நீலப் பீப்பா என்றேன். மூடியில் சிவப்புக் கோடு. எங்கள் போர்மன் கஸ்தோன், ஒரு காது இல்லாதவன், பக்கத்தில் நின்று எண்ணினான் என்றேன். அந்த ஆள் காதையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மண்ணைச் சோதித்து முடிக்கும்வரை அங்கே ஒரு கல்லும் வைக்கக்கூடாதாம்.

அக்னெஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டிலிருந்து போனில் கத்தினாள். "அண்ணை, உங்கட வாயை ஆர் வாடகைக்குக் கேட்டது? பிள்ளையின்ர வேலைக்கு நீங்களே கிடங்கு வெட்டிப்போட்டியள்!" "கிடங்கு அவங்கள்தானே வெட்டப்போறாங்கள்" என்றேன். நல்ல பதில். அவள் சிரிக்கவில்லை.

11 ஜூன், செவ்வாய்

மூலையிலுள்ள டெப்பனர் கடை வாசலில் அந்த வெள்ளைத்தலை மதாம் என்னைத் தன் சிநேகிதிகளுக்கு அறிமுகப்படுத்தினாள். உண்மையைச் சொல்லப் பயப்படாத மனிதராம். கடைக்காரன் கோப்பி இனாமாகத் தந்தான். குடித்தேன். என்ன செய்வது, சூடாக இருந்தது.

19 செப்ரெம்பர், வியாழன்

இன்று தோண்டினார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். மேற்கு மூலையில் பதினொரு கிடங்கு. மண், செங்கல் துண்டு, ஒரு ஒற்றைச் சப்பாத்து. ஒவ்வொரு முறை யந்திரத்தின் வாளி மேலே வரும்போதும், மாதாவே நீலமாக ஏதாவது வரட்டும் என்று வேண்டினேன். என்ன மனிசன் நான்? நஞ்சு வரட்டும் எண்டு மாதாவைக் கேக்கிறன்.

பீப்பா இல்லை. ஒரு நாளும் இருக்கேல்லை. நான் அங்க பதினொரு வருசம் இல்லை, நாலு மாசம். டின்னுக்கு மூடி அடிச்சனான். கஸ்தோன் எண்டு ஒருத்தனும் இல்லை. பூனைக்கு நிமிர்ந்த சனம் எனக்கு நிமிரேல்லை — அதுதான் காரணம். வேற நல்ல காரணம் ஒண்டு தேடிப் பார்த்தன். கிடைக்கேல்லை.

பின்னேரம் அஞ்சலீனா மஞ்சள் தொப்பியோடு வேலிக்கருகே வந்தாள். "முகத்தைத் தொங்கப்போடாதேங்கோ மாமா. அந்தக் காலத்தில மூலை முடுக்கெல்லாம் வேற மாதிரி இருந்திருக்கும். கிழக்குப் பக்கமும் தோண்டச் சொல்லிக் கேட்டிருக்கிறன்." அவளுடைய மேலதிகாரி போதும் என்றாராம். இவள் விடவில்லையாம். "என்ர மாமா சும்மா சொல்லமாட்டார் எண்டு அவரோட சண்டை பிடிச்சனான்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "கிழக்காத்தான் இருக்கும்" என்று வந்தது.

5 ஒக்ரோபர், சனி

அஞ்சலீனா என்னை ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனாள். இரவல் மைதானம். உடுப்பு மாற்ற அறை இல்லை. அந்தப் பெடியள் பஸ்ஸுக்குள் குனிந்து குனிந்து மாற்றினார்கள். பயிற்சியாளரிடம் எல்லேயைப் பற்றி எடுத்துவிட்டேன், கோயில் மணிவரை. அவர் நல்லாய்த்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "பீப்பாக்காரர் நீங்கள்தானா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். களைத்துப்போய்க் கேட்டார்.

8 நவம்பர், வெள்ளி

கிழக்கில் பன்னிரண்டு கிடங்கு. ஒன்றுமில்லை. ஆனால் கையெழுத்து வைத்த சாட்சி இருக்கும்வரை, முழுக் காணியையும் கிளறாமல் பைலை மூட முடியாதாம். இனிக் குளிருக்கு மண் கல்லாகிவிடும். வசந்தம்வரை கிளறவும் முடியாதாம். இருபத்துமூன்று கிடங்கு! ஒரு வாயிலிருந்து.

24 நவம்பர், ஞாயிறு

பூசைக்கு முன் பாதர் கிறிஸ்தோப்பரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என் கதைகளுக்கு வயிறு குலுங்கச் சிரிக்கிற மனிதர். இன்று சிரிக்கவில்லை. "பற்றிக், இது மூண்டு செபம் சொல்லி முடிக்கிற காரியமில்லை. அந்தப் பிள்ளையிட்ட நேர சொல்லுங்கோ. என்ன செய்யவேணும் எண்டு அவளுக்குத் தெரியும்." சொல்கிறேன் என்றேன். "சொன்ன பிறகுதான் நற்கருணை. எப்ப?" என்றார். "வாற ஞாயிறு பாதர்."

1 டிசம்பர், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

புரோசார்டில், பெரிய கடைத்தொகுதி ஒன்றுக்கு முன்னால், அவளுடைய காருக்குள். வெளியே ஸ்னோ தூவிக்கொண்டிருந்தது. ஒன்றும் விடாமல் சொன்னேன், நாலு மாதத்தையும் கஸ்தோனின் காதையும் சேர்த்து. அவள் வைப்பரை நிறுத்தினாள். பிறகு சிரித்தாள். "எனக்கு முதலே தெரியும் மாமா. ஒரு காது எண்டேக்கையே தெரியும்."

"பிள்ளை, நான் பொய் சொன்னனான் எண்டு கடிதம் எழுதித் தாறன்."

"வேண்டாம் மாமா. இனிப் பிந்திப்போச்சு. கடிதத்தால ஒண்டும் ஆகாது." என் தோளில் தட்டினாள். இருவரும் உள்ளே போய் சூப் குடித்தோம். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. இறங்கியே விட்டது.

12 டிசம்பர், வியாழன்

கடிதத்தால் ஒன்றும் ஆகாது என்று அவளேதான் சொன்னாள்.

17 ஜனவரி 2025, வெள்ளி

யூனிவர்சிற்றி கைவிட்டுவிட்டது. ஸ்ரேடியத்துக்குப் பெரிய உதவி செய்வதாகச் சொன்ன பழைய மாணவர் ஒருவர், வருடம் முடிவதற்குள் அனுமதி வராததால் விலகிவிட்டாராம். ஆறேழு வருடக் கதையை ஒரு பக்கக் கடிதத்தில் முடித்திருக்கிறார்கள். அஞ்சலீனா அதை எனக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

28 மார்ச், வெள்ளி

அவளுடைய மேசையைக் காலி செய்ய நானும் போனேன். ஒரே ஒரு பெட்டி. நான் தூக்கினேன். பாரமே இல்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

அஞ்சலீனாவுக்குக் கல்கரியில் வேலை கிடைத்திருக்கிறது. பாலம் கட்டுகிற கொம்பனி. புதன்கிழமை விமானம். இன்று அவளுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம்.

நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையாக எழும்பிப் போனார்கள். நான் கோயில் வாங்கிலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த அக்னெஸ் குனிந்து, "ஏன் அண்ணை போகேல்லை?" என்றாள்.

"இப்பதான் இடியப்பம் சாப்பிட்டிட்டு வந்தனான். ஒரு மணித்தியாலம் ஆகாம வாங்கக்கூடாதெல்லோ."

"டிசம்பரில நத்தாருக்கு முதலேயிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் இடியப்பம்."

பிறகு புரோசார்டில் அவர்கள் வீட்டில் சாப்பாடு. அக்னெஸ் கறியைச் சூடாக்கிச் சூடாக்கி வைத்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் தனி. அஞ்சலீனா கோப்பை கழுவ, நான் துடைத்தேன்.

"நத்தாருக்கு முதல் ஒரே ஒரு கடிதம் கிடைச்சிருந்தாக் காணும் மாமா" என்றாள். "அந்தத் தொழிற்சாலையில வேலை செய்த வேற ஒரு ஆள், அங்க அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு எழுதித் தந்திருந்தா பைலை மூடியிருப்பாங்கள். வருசம் முடிய முதல் அனுமதி வந்திருக்கும். எத்தினை பேரைத் தேடினனான் தெரியுமோ?"

நான் துடைத்த கோப்பையையே துடைத்தேன்.

"உங்களைக் குறை சொல்லேல்லை மாமா. நீங்கள் கண்டதைச் சொன்னீங்கள். அவங்களுக்குத்தான் தேடத் தெரியேல்லை." பிறகு கையைத் துவாயில் துடைத்துவிட்டு, "அந்தக் கஸ்தோனைத்தான் என்னால கண்டுபிடிக்கவே ஏலாமப் போச்சு. உயிரோட இருப்பாரோ?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. செத்துப்போனான்."

"ஐயோ. எப்பிடி மாமா?"

"நித்திரையில."

அவள் கொஞ்சம் கவலைப்பட்டாள். கஸ்தோனுக்காக.

டிசம்பர் முதலாம் தேதி எழுதியது நடக்கவில்லை. அவளுடைய காருக்குள் இருந்தது உண்மை, ஸ்னோ உண்மை, சூப் உண்மை. இடையில் உள்ளதை வீட்டுக்கு வந்து நானே எழுதினேன். பிந்திப்போச்சு என்பது அவளுடைய பேச்சில்லை, என்னுடையது. அன்றைக்கு அது பிந்தவும் இல்லை. காருக்குள் நான் வெகுநேரம் பேசாமல் இருந்ததைப் பார்த்து, "குளிருதோ மாமா, ஹீற்றரைக் கூட்டட்டோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.