சீசாவும் கெண்டைக்கால் நரம்பும்

மக்கா,

இன்று மதியம் தேரடிப் பக்கம் பழக்கடையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை பட்டதுமே உன் வீட்டு மொட்டைமாடி நினைவுக்கு வந்துவிட்டது. வாங்கப்போன வெங்காயத்தை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

துபாயிலிருந்து முதல் லீவில் வந்தபோது கண்ணாடிக் குடுவையும் நீளக் குழாயுமாக அந்த ஹூக்காச் சாமானைத் துணிக்குள் பொதிந்து கொண்டுவந்தாய். நீ ஷீஷா என்றது உன் அம்மா காதில் சீசா என்று விழ, மகன் பாட்டிலும் கையுமாகிவிட்டான் என்று அழுதார்கள். சாராயம் இல்லை என்று கோமதியம்மன் மேல் சத்தியம் செய்த பிறகுதான் உனக்குச் சோறு கிடைத்தது. "ஆப்பிள் பழ வாசனதாம்மா. புகை தண்ணியில முங்கிக் குளிச்சிட்டுல்லா வருது" என்றாய். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து நம் தெருவில் அது புகைக் கணக்கிலேயே சேரவில்லை.

வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகும் சாயங்காலம் தவறாமல் குடுவை மாடியேறியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு நடப்பதற்குள் சேலைக்கடை சேலைக்கடையாக நின்றுவிடுவாய். யாருக்கு எடுக்கப்போகிறாய் என்று கேலி செய்வேன். கெண்டைக்கால் நரம்பு இழுக்கிறது என்பாய். நின்றால் வலி விட்டுவிடும், நடந்தால் பிடித்துக்கொள்ளும். நரம்புக்கு மாத்திரை தின்றாய், தைலம் தேய்த்தாய். அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினார்கள். நமக்கு வலி ஓடுவதும் நரம்பு, ரத்தம் ஓடுவதும் நரம்பு. இது எந்த நரம்பு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கால்விரல் நுனி கறுத்த பிறகுதான் திருநெல்வேலிக்குப் போனோம். பீடி, சிகரெட் உண்டா என்று டாக்டர் கேட்டார். கிடையாது என்றாய். சர்க்கரையும் இல்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது உன் வீட்டுக்காரி பெருமையாகச் சொன்னாள்: "கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது டாக்டர். சாயங்காலம் சீசா மட்டும் குடிப்பாவ."

தண்ணீர் புகையைக் குளிரவைக்கும், கழுவாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். புகையிலையின் நிக்கோட்டினும், மேலே வைக்கும் கரிநெருப்பின் நச்சுவாயுவும் அப்படியே ரத்தத்தில் கலக்குமாம். ரத்தக்குழாயின் உள்சுவர் புண்பட்டு, தேவைக்கு விரிந்து கொடுக்க முடியாமல் விறைத்து, நாளாவட்டத்தில் அடைத்துக்கொள்ளுமாம். நெஞ்சிலும் அதே குழாய்தான் என்றார். அன்றோடு நீ குடுவையைத் தொடவில்லை. விரல் போனாலும் கால் தப்பியது. நெஞ்சுதான் அடுத்த ஆடித்தபசுத் திருவிழா வரை தாங்கவில்லை; போய்விட்டாய்.

டாக்டரைப் பார்த்துத் திரும்பிய அன்று பஸ்ஸில் சொன்னாய்: "நான் பொய் சொல்லலியடே. அவரு கேட்டது பீடி, சிகரெட்டத்தான?"

அந்தக் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. உண்மைதான் மக்கா. நீ பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பொய்யனாக இருந்திருந்தால் மறைக்க வேண்டியது எது என்றாவது உனக்குத் தெரிந்திருக்கும். இந்த வயதில் எனக்கு ஒரு பொய்க்காரச் சிநேகிதனாவது மிஞ்சியிருப்பான்.