பியானோவுக்குள் ஓர் ஏலக்காய்

இன்று காலை உங்கள் பியானோவின் வயிற்றிலிருந்து ஓர் ஏலக்காய் வெளியே வந்தது. பியானோவுக்குச் சுருதி சேர்க்க மதுரையிலிருந்து ரயிலில் வந்திருந்த சுருதிக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நசுங்கி, நிறம் செத்துக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

அந்த வாசனையோடு மாமாவும் வந்து நின்றார், உங்கள் அப்பா.

கணக்குப் படிக்க மதுரைக்கு அனுப்பிய மகன், தன் தேசத்துக்குத் திரும்பிய பாதிரியார் கொடுத்த பியானோவோடு வந்து இறங்கினால் எந்த ஏலக்காய் வியாபாரிக்குத்தான் பொறுக்கும்? கான்வென்டில் படித்த மருமகள் வந்து உங்களைத் திருத்துவாள் என்று நம்பினார். நானும் திருத்தினேன். மணிக்கட்டைத் தாழ்த்தாதீர்கள், மெதுவான இடத்தில் ஓடாதீர்கள் என்று. கான்வென்டில் எனக்குப் பியானோவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். சென்னையில் கச்சேரிகள் நடத்தும் வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் போடிமெட்டில் ஒரு துரை வீட்டில் தங்கியிருந்தார். உங்கள் வாசிப்பைக் கேட்டு அவர் அழைத்தால் நீங்கள் சென்னைக்குப் போகலாம். இல்லையென்றால் பியானோவை மூடிவிட்டுக் கடையில் உட்கார வேண்டும்.

துரை வீட்டில் பியானோ இல்லை. நம்முடையதைப் போடி வீட்டிலிருந்து மூங்கிலில் கட்டி மலையேற்றினோம். கைகளுக்குக் குளிர் ஆகாது என்று அவற்றைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு நீங்கள் ஜமீன்தார் போல முன்னால் நடந்தீர்கள். உங்களுக்குக் குடை பிடித்தவள் நான். தோட்டத்து ஆட்களில் ஒருவன் மூச்சு வாங்கக் கேட்டான்:

"ஏன் ஆத்தா, பெட்டிக்குள்ள சாமி கீமி இருக்கா? சப்பரம் கணக்கா கனக்குது."

"சங்கீதம் இருக்கு."

"அதக் கொஞ்சம் எறக்கி வச்சிட்டுத் தூக்கக் கூடாதா?"

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மேலே நம் தோட்டத்துக்குப் போய் வாசித்துப் பார்த்தால், அமுக்கிய கட்டையெல்லாம் அமுங்கினபடியே கிடந்தது. நீங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். மாமா பேசாமல் இருந்திருந்தால் போதும், நிபந்தனையில் அவர்தான் ஜெயித்திருப்பார். ஆனால் ஈரமான பொருளைக் கண்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

"எனக்கு இந்தப் பெட்டி மேல ஒரு பிரியமும் கெடையாது. ஆனா என் தோட்டத்துலருந்து ஈரச் சரக்கு போச்சுன்னு ஒருத்தன் சொல்லப்படாது. வெரசா ஸ்டோருக்குக் கொண்டாங்கடா!"

கீழே விறகெரிய, மேலே தட்டுகளில் ஏலக்காய் உலரும் அந்த அறையில் பியானோவும் இரண்டு நாள் உலர்ந்தது. இன்று இதைச் சொன்னதும் சுருதிக்காரர் அலறிவிட்டார், மரம் பிளந்திருக்குமே என்று. மாமா காயப்போட்ட எதுவும் பிளந்ததில்லை என்றேன்.

"வெளிய எடுத்தா மறுபடி நமுத்துரும். கேக்குறவகள இங்க வரச் சொல்லு" என்று மாமா சொல்லிவிட்டதால் கச்சேரியும் அங்கேதான். துரைமார் கோட்டைக் கழற்றிவிட்டுச் சாக்கு மூட்டைகள் மேல் உட்கார்ந்து வியர்த்தார்கள். மாமா அடுப்பைவிட்டு நகரவில்லை.

எல்லாக் கட்டைகளும் உயிர்த்துவிட்டன, நடுவில் ஒன்றைத் தவிர. ஆரம்பித்த பிறகுதான் அது தெரிந்தது. உங்கள் முகம் வெளுத்தது. பக்கம் புரட்ட அருகில் உட்கார்ந்திருந்த நான், ஒரு கையால் பக்கத்தைப் புரட்டி, மறுகை நகத்தால் அந்தக் கட்டையை நீங்கள் அமுக்க அமுக்கத் தூக்கிவிட்டேன். இரண்டு முறை உங்கள் கட்டைவிரல் என் நகத்தின் மேல் இறங்கியது. நான் சத்தம் போடவில்லை. கான்வென்டில் வளர்ந்தவள்.

முடிந்ததும் அந்த அம்மாள் விசிறிக்கொண்டே கேட்டார், உங்களில் யாரைச் சென்னைக்கு அழைப்பது என்று. "வாசிப்பவர் அவர். சரிசெய்பவள் நான்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்து, இருவரையும் அழைத்தார்.

"என்ன சொல்லுது அந்தம்மா?" என்றார் மாமா.

"மெட்ராசுக்கு வரச் சொல்றாங்க மாமா."

"காயப்போட்டது யாருன்னு கேட்டுச்சா?"

பிறகு சென்னை, கொழும்பு, ரங்கூன். மேடையிலெல்லாம் பக்கம் புரட்ட நான்தான். ரங்கூனில் நன்றாக இருந்த ஒரு கட்டையை என் விரல் பழக்கத்தில் தூக்கப் போய், நீங்கள் முறைத்த முறைப்பை நான் மறக்கவில்லை. கச்சேரி இல்லாத மாதங்களில் போடி வீட்டில் இந்தப் பியானோ. இதில் அந்த ஒரு கட்டை மட்டும் நீங்கள் கண்மூடும்வரை எழும்பவே இல்லை. "மலையில பட்ட ஈரம், என்ன செய்ய? வந்து உக்காரு" என்பீர்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை பால் பொங்கி வீணாயிற்று!

"இதுதாம்மா கட்டை இடுக்குல மாட்டியிருக்கு. ஈரமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் சுருதிக்காரர், ஏலக்காயைக் காட்டி. "இத்தன வருசமா யாரு சுருதி சேர்த்தா?"

"என் வீட்டுக்காரர்தான். வேற யாரையும் தொட விடமாட்டார்."

"அப்ப அவரு பாக்காம இருந்திருக்க முடியாதே. மூடியத் தொறந்தா நேரா கண்ணுல படுது."

முதலில் வந்தது கோபம்தான். கூப்பிட்டிருந்தால் சும்மாவே வந்து உட்கார்ந்திருக்க மாட்டேனா என்று கேட்கத் தோன்றியது. பிறகு யோசித்தேன். வந்திருக்க மாட்டேன். அடுப்பில் பால் இருந்திருக்கும்.

சுருதிக்காரர் கட்டையைத் தட்டிக் காட்டினார். அமுங்கியது, துள்ளி எழுந்தது. அவருக்குப் பெருமை.

"ஏலக்காய எடுத்த எடத்துலயே வச்சிருங்க" என்றேன்.

"என்னம்மா, வெளையாடுறீகளா?"

"அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்."

சாயங்காலம் உட்கார்ந்து வாசித்தேன். உங்கள் அளவுக்கு வராது. ஆனால் மணிக்கட்டு தாழவில்லை. நடுவில் அந்தக் கட்டை வந்தது. அமுக்கினேன். எழும்பவில்லை. மறுகை நகத்தால் தூக்கிவிட்டேன்.