ஒன்றரைச் சுற்று அறுத்த ஸ்பிரிங்

கீரமங்கலம்
கார்த்திகை 22

அன்பு மகன் சந்திரசேகருக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் சுகம் என்று எழுத இந்த வீட்டில் ஒன்றும் இல்லை. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுகிறாய், இல்லாவிட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, லீவு முடிந்து தோஹாவுக்கு வருகிற நம் தெரு அய்யப்பன் கையில் கொடுத்துவிடுகிறேன். உன் அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறாள். அதை வாங்கி வைத்துவிட்டு இதை முழுசாகப் படி.

அருள்மணி வாத்தியார் மகள் ஷீபாவை ஆஸ்பத்திரியில் இருந்து போன வாரம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டு இடத்தில் முறிந்து பிளேட் வைத்திருக்கிறது. மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாதாம், அதற்கப்புறமும் முன்னைப் போல நாள் பூராவும் நிற்க முடியுமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நின்றுகொண்டே வேலை பார்க்கிற நர்ஸுக்கு இப்படி. நானும் உன் அம்மாவும் பார்க்கப் போனோம். அந்தப் பெண் எங்களை உட்காரச் சொன்னது, வாத்தியார் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. இருபது வருஷமாக அவர் வீட்டுத் தோப்புத் தேங்காயை நான்தான் எடுக்கிறேன், அந்த வீட்டில் காபி குடிக்காமல் நான் வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

என்ன நடந்தது என்று நீ போனில் பாதிதான் கேட்டாய், மீதியையும் கேள். ஐப்பசிக் கடைசியில் நல்ல மழை. வாத்தியாரும் ஷீபாவும் புதுக்கோட்டை போய்விட்டுத் திரும்புகிறார்கள், நான் புரட்டாசியில் அவருக்கு விற்ற நம்முடைய வெள்ளைக் கார்தான். வல்லத்திராக்கோட்டை தாண்டி ரோட்டில் தண்ணீர் நின்ற பள்ளம், பின் சக்கரம் உள்ளே இறங்கி ஏறியதும் அடியில் டங்கென்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியிருக்கிறது. மெக்கானிக் நாகராசு பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியபோது நானும் வாத்தியாரும் பக்கத்தில்தான் நின்றோம். ஸ்பிரிங் உட்கார வேண்டிய கிண்ணத்தில் இல்லை, துள்ளி வெளியே வந்து சாய்ந்து கிடந்தது. நாகராசு அதை எடுத்துத் துடைத்து நுனியைக் காட்டினான். கேஸ் வைத்து அறுத்த கறுப்பு அப்படியே இருந்தது. நாலு சக்கரத்திலும் ஒன்றரைச் சுற்று இல்லை. “சூடு காட்டிட்டா அப்பறம் இது ஸ்பிரிங்கு இல்லண்ணே, வெறுங்கம்பி. நுனி மொட்டையா நிக்குது, எப்புடி கிண்ணத்துல ஒக்காரும்? எடையில இருக்குறவரைக்கும் இருக்கும், சக்கரம் தொங்குனா கழண்டுரும்” என்றான். அறுத்தது வெளியே தெரியாமல் இருக்கச் சுற்றுக்கு நடுவே ரப்பரைத் திணித்து வண்டியைப் பழைய உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னான். அந்த ரப்பர் ஒன்று பள்ளத்திலேயே விழுந்து கிடந்ததாம்.

அந்த ரப்பரைப் பற்றி உன்னிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். நீ லீவு முடிந்து தோஹா போன மறுவாரம் டயருக்குக் காற்று அடிக்கும்போது குனிந்து பார்த்தேன், புது ரப்பர் இருந்தது. அப்பாவுக்கு இடுப்பு வலி, குலுங்காமல் இருக்கட்டும் என்று பையன் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். வண்டி முன்னைவிட விறைப்பாகத்தான் ஓடியது, புது ரப்பர் போகப்போகப் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்டியில் நாலு பேரிடம் பெருமையாகவும் சொன்னேன். லோடு வண்டி எடுப்பதற்காகக் காரைக் கொடுத்தபோது வாத்தியாரிடமும் அதைத்தான் சொன்னேன், என் மகன் எனக்காகப் பார்த்துச் செய்துவிட்ட வண்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அதைச் சொல்லி விலையிலும் கொஞ்சம் ஏற்றித்தான் வாங்கினேன். வியாபாரி புத்தி, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. நாற்பது வருஷத்தில் யார் என்ன சொல்லி என் தலையில் கட்டப் பார்த்தாலும் ஏமாறாதவன், நீ ஒன்றுமே சொல்லாமல் ஏமாந்தேன்.

பட்டறையில் வைத்து வாத்தியார் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “ஒரே வார்த்தை சொல்லுங்கண்ணே. தெரிஞ்சு குடுத்தீங்களா, தெரியாம குடுத்தீங்களா?” தெரியாது என்றேன். அங்கே டயர் மாற்ற வந்து நின்ற ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான், “தேங்காயத் தட்டிப் பாத்தே உள்ள அழுகலான்னு சொல்ற ஆளு, சொந்தக் காரைப் பத்தித் தெரியாதாம்.” வாத்தியார் அவனை அதட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். காரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன், பணத்தையும் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவே எனக்கு வினையாகப் போயிற்று, குற்றம் இல்லாதவன் ஏன் இவ்வளவு அவசரமாகக் கொடுக்கிறான் என்று பேச்சு.

வீட்டுக்கு வந்து கேட்டதும்தான் உன் அம்மா அழுதுகொண்டே போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். நான் கொப்பரை விஷயமாகக் காங்கேயத்தில் பத்து நாள் இருந்தபோது நீயும் உன் கூட்டாளிகளும் சித்தன்னவாசலில் போய் நின்று எடுத்த படம். கார் தரையில் வயிற்றை வைத்துப் படுத்த மாதிரி இருக்கிறது, டயருக்கும் மேல் தகரத்துக்கும் நடுவே விரல் நுழையாது. அப்பாகிட்ட சொல்லாதம்மா, வர்றதுக்குள்ள சரி பண்ணிருவேன் என்று சொன்னாயாமே. திருச்சியில் ஏதோ பட்டறையில் ஒரு மணி நேரத்தில் அறுத்துக் கொடுத்தார்களாம். தாழ்த்தித்தான் ஓட்ட வேண்டும் என்றால் அதற்கென்றே குட்டையான ஸ்பிரிங் செட்டாக விற்கிறது என்று நாகராசு சொல்கிறான். அறுத்தது தப்பு என்று தெரிந்த பிறகாவது நாலு புது ஸ்பிரிங் போட்டிருந்தால் அதோடு போயிருக்கும். நீ சரி பண்ணியது வண்டியை இல்லை, என் கண்ணை.

அன்றைக்கே போன் போட்டேன். எல்லாரும்தான் அறுக்கிறார்கள் என்றாய். பிறகு, “விக்கிறதுக்கு முன்னாடி செக் பண்ண வேண்டியது உங்க பொறுப்புப்பா” என்றாய். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதனால்தான் ராத்திரி படுத்தால் அது மட்டும் காதில் கேட்கிறது. ஆஸ்பத்திரி செலவை அனுப்பிவிடுகிறேன் என்றாய். அனுப்ப வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்வேன். என்னால் பார்த்துக்கொள்ள முடியாதது வேறு. இத்தனை வருஷமாக எந்தத் தோப்பிலும் நான் காய் எண்ணும்போது தோப்புக்காரன் பக்கத்தில் நின்றதில்லை, வீரய்யா சொன்ன எண்ணிக்கை போதும் என்று வீட்டில் இருப்பார்கள். இந்தக் கார்த்திகையில் மூன்று தோப்பில் ஆள் வந்து நிற்கிறது. கேட்டால் சும்மா வந்தேண்ணே என்கிறார்கள், நான் ஜோடி ஜோடியாகப் போடப் போட அவர்கள் உதடு அசைகிறது. ஸ்பிரிங்கை அறுத்தது என் மகன் என்று நானே ஊரில் சொல்லிவிடலாம். இந்த வாயால் சொன்னால், தப்பித்துக்கொள்ள மகன் மேல் போடுகிறான் என்பார்கள். நீ சொன்னால்தான் அது செல்லும்.

நீ காரை அழகு பார்த்ததற்கு எனக்குக் கோபம் இல்லை, வயசில் செய்வதுதான். இத்தனை நாளாகியும் அந்த வீட்டுக்கு ஒரு போன் போடாமல் இருக்கிறாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உன் அம்மா உன்னைத் திட்டி எழுத வேண்டாம் என்று பக்கத்திலேயே நிற்கிறாள். அவளும் மறைத்தவள்தான், அவளிடம் நான் பேசியே எட்டு நாள் ஆகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் காலம், ஏசிக்கு நேரே படுக்காதே. நம் குலசாமி உனக்கு ஒரு குறையும் வைக்காது, நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் விளக்கேற்றும்போது நினைத்தேன். வாத்தியார் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வீட்டில் இருப்பார், அங்கே உனக்கு ரெண்டு மணி, சாப்பாட்டு நேரம்தான். எடுத்ததும் யார் என்று கேட்பார். வீரய்யா மகன் என்று சொல்லாதே, அந்தப் பேரைக் கேட்டால் வைத்துவிடுவார். உன் பேரைச் சொல்லு.

இப்படிக்கு
உன் அப்பா
அ. வீரய்யா