குறைக்க வழியில்லாத பாட்டுப்பெட்டி

ராயபுரம்,
12-8-1951

அன்புள்ள ஆவுடையம்மாளுக்கு,

நானும் சீனியக்காள் வீட்டாரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாற்பத்தெட்டு வயதில், மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய கிராமபோன் முன்னால் துண்டை வீசி ஆடி, பக்கத்து வீட்டு அஜீசாவின் கண்ணில் பட்டுவிட்டேன்.

“இன்னா நைனா, கூத்தா கட்றே? புள்ளை தூங்க மாட்டேங்குது. சத்தத்தைக் கொறை!” என்று ஜன்னலில் நின்று கத்தினாள்.

“கொறைக்கத் திருகாணி கிடையாதும்மா. இது ரேடியோ இல்லை” என்றேன்.

சீனியக்காளும் அவளோடு சேர்ந்துகொண்டாள். “பாட்டை நிறுத்து, இல்லைன்னா வேற வீடு பாருலே!”

நான் அசைவேனா? பகலெல்லாம் துறைமுகத்து இரைச்சலைக் கேட்கிற காது, சாயங்காலம் அரைமணி நேரம் தனக்குப் பிடித்ததைக் கேட்கக்கூடாதா? ராயபுரமே திரண்டு வந்தாலும் நிறுத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாட்டு தினமும் நடக்கிறது. இரண்டு பேரும் இப்போது வாயே திறப்பதில்லை!

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. ஊரிலிருந்து வருகிறவரிடம் கருப்பட்டியும் உன் பழைய சேலை ஒன்றும் கொடுத்தனுப்பு. கிராமபோன் புனலுக்குள் என் போர்வையைத் திணித்து வைத்திருப்பதால், நான்கு நாளாகக் கொசுக்கடி தாங்கவில்லை.

சுயம்பு